தெராசோ தரையும் தேய்ப்புக் கலையும்

நெகிரி செம்பிலானின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா நடக்கும் நாளில், கோயில் தரையைப் போல் உழைக்கும் பொருள் வேறு இருக்க முடியாது. காலையிலிருந்தே நூற்றுக்கணக்கான கால்கள் அதன்மேல் நடக்கின்றன, எல்லாம் வெறுங்கால்கள். பால்குடம் ஏந்தி வருவோரின் குடத்திலிருந்து பால் தளும்பிச் சிந்துகிறது. அகல் விளக்குகளிலிருந்து எண்ணெய் கசிகிறது. எலுமிச்சைச் சாறும் மஞ்சள் நீரும் குங்குமமும் கலந்து ஓடுகின்றன. பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொண்டால் முற்றம், படிக்கட்டு, நடைபாதை எல்லாம் நனைந்துவிடும். எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேரனும் அந்தத் தரையில்தான் நடந்தாக வேண்டும்.

இவ்வளவையும் தாங்கும் தரைகளுள் ஒன்று தெராசோ. சிமெண்டுக் கலவையில் பளிங்குச் சில்லுகளைச் சேர்த்துப் பரப்பி, அது இறுகியபின் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கிய தரையே தெராசோ. வெள்ளை, சாம்பல், பச்சை, செம்மண் நிறப் பின்னணியில் அரிசி முதல் மொச்சைக் கொட்டை வரையிலான அளவில் கல் சில்லுகள் தெரியும். மலேசியாவின் பழைய பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், கடைவீடுகள், கோயில் மண்டபங்கள் பலவற்றில் இத்தரையைக் காணலாம். தமிழ்நாட்டில் இதையே ‘மொசைக் தரை’ என்பார்கள். மலேசியாவில் ‘மொசேக்’ என்றால் பெரும்பாலும் கடையில் அட்டைப் பெட்டியில் வாங்கும் சுவர் ஓடோ தரை ஓடோதான் நினைவுக்கு வரும். ஆகவே, தமிழ்நாட்டு உறவினர் ‘மொசைக் போட்டோம்’ என்று சொன்னால், மலேசியத் தமிழர் அதை வேறொன்றாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

தெராசோ இத்தாலியச் சொல். மேல்மாடி முற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. வெனிஸ் நகரத்துப் பளிங்குத் தொழிலாளர்கள், செல்வர்களின் மாளிகைகளுக்குக் கல் அறுத்தபோது மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுபோய்த் தங்கள் வீட்டு முற்றங்களில் பதித்துக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. எறியப்பட்ட கல்லில் பிறந்த அந்தத் தரை பிறகு மாளிகைகளுக்குள்ளேயே நுழைந்தது. 1586 ஆம் ஆண்டிலேயே வெனிஸில் இத்தொழிலாளர்களுக்கெனத் தனிச் சங்கம் இருந்தது. அக்காலத்தில் சிமெண்டு இல்லை. சுண்ணாம்பே பிணைப்புப் பொருள். தேய்ப்பதற்கு நீண்ட மரக்கைப்பிடியில் கனமான கல்லைக் கட்டி, ஒருவர் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பார். ‘கலேரா’ என்பது அக்கருவியின் பெயர். ஓர் அறையை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் ஆளி விதை எண்ணெய் பூசுவார்கள். வட இத்தாலியின் ஃபிரியூலி பகுதி இத்தொழிலுக்குப் புகழ்பெற்றது. அங்குள்ள ஸ்பிலிம்பெர்கோ என்னும் ஊரில் 1922 இல் தொடங்கப்பட்ட பதிகல் பள்ளி இன்றும் இயங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்ட்லண்ட் சிமெண்டும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மின்சாரத் தேய்ப்பு இயந்திரமும் வந்த பிறகுதான் தெராசோ பொதுமக்களின் கட்டடங்களுக்கு எட்டும் விலைக்கு வந்தது.

தரை போடும் முறையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அடியில் கெட்டியான காங்கிரீட்டுத் தளம் வேண்டும். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த அடிப்படுகை. அந்தப் படுகையில் பித்தளை அல்லது அலுமினியப் பட்டைகளை நட்டுத் தரையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். பார்ப்பவருக்கு அது அலங்காரமாகத் தெரியும். உண்மையில் அது ஒரு பாதுகாப்பு. சிமெண்டு காயும்போது சுருங்கும். பெரிய பரப்பு ஒரே துண்டாக இருந்தால் நினைத்த இடத்தில் வெடித்துவிடும். பட்டை இருந்தால் அந்தச் சுருக்கம் பட்டையின் ஓரத்தோடு நின்றுவிடும். எனவே, ஒரு கட்டத்தின் எந்தப் பக்கமும் பொதுவாக 2 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். பட்டைகளுக்கு நடுவே ஒரு பங்கு சிமெண்டுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சில்லு என்ற கணக்கில் மேற்படுகை பரப்பப்படும். கனமான உருளையை உருட்டி அழுத்தியபின் கூடுதல் சில்லுகளைத் தூவி மீண்டும் அழுத்துவார்கள். நல்ல தரையில், தேய்த்து முடித்தபின் பத்தில் ஏழு பங்குக்குக் குறையாமல் கல் தெரிய வேண்டும். சிமெண்டு மட்டும் பெரிதாகத் தெரியும் இடம் விரைவில் தேய்ந்து குழியாகிவிடும்.

போட்ட தரையைச் சில நாள்கள் ஈரமாகவே வைத்திருப்பார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத் தேய்ப்பு இயந்திரம் உள்ளே வரும். அதற்கு முன்பே தேய்த்தால் சிமெண்டு போதுமான அளவு இறுகியிருக்காது. சில்லுகள் பல் விழுவதைப் போலப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மிகவும் தாமதித்தாலும் தொல்லைதான். தரை இரும்பாகிவிடும், வேலையும் கூலியும் ஏறும்.

தேய்ப்பு வேலையின் அடிப்படை எண்களில் இருக்கிறது. தேய்ப்புக் கல்லின்மேல் 60, 120, 220, 400 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் அங்குல நீளச் சல்லடையில் எத்தனை கண்கள் உண்டோ, அந்தக் கணக்கிலிருந்து வந்த எண்கள் இவை. எண் சிறியதானால் மணி பெரிது, கீறல் ஆழமானது. எண் பெரியதானால் மணி நுண்ணியது, கீறல் மெல்லியது. முதலில் 60 அல்லது அதற்கும் கீழான எண்ணில் தொடங்கிச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தரையைச் சீவி எடுப்பார்கள். அப்போதுதான் சிமெண்டுத் தோலுக்குள் ஒளிந்திருந்த கல்லின் நிறம் முதன்முறையாக வெளியே வரும். அதுவரை சாம்பல் நிறத்தில் கிடந்த தரையில், தண்ணீரோடு சேர்த்துத் துடைத்த இடம் மட்டும் திடீரென்று பூத்துவிடுவதைத் தொழிலாளர்கள் நின்று பார்ப்பார்கள்.

இந்த முதல் தேய்ப்பில் குறைகளும் வெளியே வரும். காற்றுக் குமிழி இருந்த இடங்களில் குண்டூசித் தலை அளவுத் துளைகள் தெரியும். சில்லு பெயர்ந்த இடங்களில் சிறு குழிகள் இருக்கும். தரையை நன்றாகக் கழுவி, அதே நிறச் சிமெண்டுக் குழம்பைத் துளைகளுக்குள் தேய்த்து இறக்கி, மீண்டும் சில நாள்கள் ஈரமாக வைக்க வேண்டும். அவசரப்படும் ஒப்பந்தக்காரர்கள் முதலில் வெட்டுவது இந்தச் சில நாள்களைத்தான். அப்போது யாருக்கும் வேறுபாடு தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தத் துளைகளில் அழுக்கு ஏறிக் கரும்புள்ளிகளாக நிற்கும்போதுதான் தெரியும்.

அடுத்து 120, பிறகு 220, பிறகு 400. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே வேலைதான்: முந்தைய கல் விட்டுச்சென்ற கீறலை அழித்துத் தன் சொந்தக் கீறலை விட்டுச்செல்வது. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் ஆழமான கீறலை நுண்ணிய கல்லால் அழிக்க முடியாது. அது பளபளப்புக்கு அடியில் வட்ட வட்டமாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் ஒரு சுற்று முடிந்ததும் கல்லை மாற்றிவிடுவதில்லை. தண்ணீரை வழித்துத் தள்ளி, தரையோடு தலையைச் சாய்த்துச் சன்னல் வெளிச்சத்தை எதிரே வைத்துப் பார்ப்பார்கள். கீறல்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் அடுத்த எண். சுவரோரத்திலும் தூணைச் சுற்றியும் பெரிய இயந்திரம் போகாது. அங்கே கைக்கருவியும் பொறுமையும்தான். ஒரு தொழிலாளியின் தரத்தை நடுக்கூடத்தில் அன்று, சுவரோரத்தில் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

முன்பு கார்பொரண்டம் என்னும் செயற்கைச் சாணைக்கல்லே பயன்பட்டது. இப்போது வைரத் துகள் பதித்த தட்டுகள் வந்துவிட்டன. வேலை விரைவாக முடிகிறது. எண்களும் 800, 1500, 3000 என நீண்டு போகின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. பளபளப்பு என்பது தரையின்மேல் பூசப்படும் ஏதோ ஒரு பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். கல் தரையின் உண்மையான பளபளப்பு அப்படிப்பட்டதன்று. கரடான பரப்பில் விழும் ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. கீறல்கள் மிக நுண்ணியவை ஆகும்போது ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது, முகம் தெரிகிறது. ஆகவே, 400 ஐ ஒட்டி நிறுத்தினால் பட்டுத்துணி போன்ற மங்கல் மெருகு கிடைக்கும். 3000 வரை போனால் கண்ணாடி மெருகு. இரண்டும் ஒரே தரைதான். நிறுத்திய இடம்தான் வேறு.

எந்த எண்ணில் நிறுத்துவது என்பதுதான் இத்தொழிலின் கடினமான கேள்வி. கோயில் திருப்பணிக் குழுவோ பள்ளி நிர்வாகமோ பணம் கொடுக்கும்போது ‘நன்றாகப் பளபளவென்று இருக்கட்டும்’ என்று சொல்வது இயல்பு. கொடுத்த காசு கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஆனால், தரையைப் பயன்படுத்துவது கண் மட்டுமன்று, காலும்தான்.

ஈரத் தரையில் ஏன் வழுக்குகிறது? பாதத்துக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் அகப்பட்டுக்கொள்கிறது. தரையில் நுண்ணிய மேடுகள் இருந்தால் அவை அந்தப் படலத்தைக் கிழித்துப் பாதத்தைத் தொடும், பிடிப்பு உண்டாகும். மேடுகள் இல்லாவிட்டால் கால் தண்ணீர்மேல் மிதக்கும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு இதற்கு அளவுகள் வகுத்திருக்கிறது. சுத்தமான தண்ணீர் சிந்தும் இடத்தில் தரையின் மேடுபள்ளம் குறைந்தது 20 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஏற்றத்தாழ்வுதான் ஒருவர் விழுவதையும் விழாமல் இருப்பதையும் முடிவு செய்கிறது! பால் சிந்தும் இடத்துக்கு அந்த அளவு 45 ஆகவும், ஒலிவ எண்ணெய் போன்ற எண்ணெய் சிந்தும் இடத்துக்கு 70 ஆகவும் உயர்கிறது. பாலும் எண்ணெயும் தண்ணீரைவிடக் கெட்டியானவை; அவற்றின் படலத்தைக் கிழிக்க உயரமான மேடுகள் தேவை.

இதை அளக்க ஊசல் சோதனை என்று ஒரு முறை உண்டு. கடிகார ஊசல் போன்ற கையின் நுனியில் ஒரு ரப்பர்த் துண்டைப் பொருத்தி, நனைந்த தரையை உரசிச் செல்லுமாறு ஆடவிடுவார்கள். தரை எவ்வளவு தடுக்கிறதோ, அவ்வளவு எண் கிடைக்கும். 36 அல்லது அதற்கு மேல் என்றால் வழுக்கும் அபாயம் குறைவு. 25 க்குக் கீழே போனால் அபாயம் மிகுதி. ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த ஒரு சமூகத்தின் கோயில் தரையை ரப்பர்த் துண்டே சோதிப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், உள்ளும் புறமும் ஒரே மெருகு என்பது பொருந்தாது.

மண்டபத்தின் உட்பகுதியில் மழை விழாது. அங்கே 400 அல்லது 800 வரை தேய்த்த மங்கல் மெருகு போதும். துடைக்க எளிது, அமர்ந்து சாப்பிட இதமாக இருக்கும், மின்விளக்கின் ஒளி கண்ணைக் கூசாது. ஆனால், கருவறைக்கு முன்னால் அபிஷேக நீர் வடியும் பகுதியும், பால்குடம் இறக்கும் பகுதியும் உள்ளேயே இருந்தாலும் உண்மையில் ‘வெளி’ தான். அவ்விடங்களைத் தனிக் கட்டமாகப் பிரித்து, கரடாகவே நிறுத்திவிட்டு, நீர் நிற்காமல் ஓட மீட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுப்பதே அறிவுடைமை. திருவிழா நாளில் துடைப்பத்தோடும் சாக்கோடும் ஒருவர் அங்கேயே நிற்பதும் தேவை. தரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிந்திய எண்ணெய்க்கு அது ஒன்றும் செய்துவிட முடியாது.

உள்தரைக்கு வேறொரு பகைவன் உண்டு: புளிப்பு. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து கரியமில வாயுவை வெளியிடும். வேதியியல் கூடத்தில் மாணவர்கள் சோதனைக் குழாயில் பார்க்கும் அதே குமிழிகள்தான் கோயில் தரையிலும் நிகழ்கின்றன. வாசலில் நசுக்கிய எலுமிச்சம்பழம், பஞ்சாமிர்தத்தின் பழச்சாறு, அன்னதானத்தில் கொட்டிய ரசம், புளிக்குழம்பு எல்லாம் மெருகைத் தின்னும். நீர் ஊற்றிக் கழுவினாலும் மங்கிய வட்டம் போகாது. அது கறையன்று, அங்கே கல்லின் மேற்பரப்பே கரைந்துபோயிருக்கிறது. இதைவிடப் பெரிய தீங்கைச் சுத்தம் செய்பவர்களே அறியாமல் செய்துவிடுகிறார்கள். கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட்டைத் தரையிலும் ஊற்றினால் ஒரே காலைப் பொழுதில் பத்து ஆண்டு மெருகு போய்விடும். காரமோ புளிப்போ இல்லாத நடுநிலைச் சோப்பும் தண்ணீருமே தெராசோவுக்கு ஏற்றவை.

ஒரு வேடிக்கை: பழைய முறையில் கடைசி மெருகுக்குப் பயன்படுவதும் ஓர் அமிலம்தான். ஆக்ஸாலிக் அமிலத் தூளைத் தரையில் தூவி, நீர் தெளித்துக் கம்பளித் துணி சுற்றிய தட்டால் தேய்ப்பார்கள். இந்த அமிலம் பளிங்கோடு சேர்ந்து நீரில் எளிதில் கரையாத கால்சியம் ஆக்ஸலேட் படலத்தை உண்டாக்குகிறது. எனவே, அது அரிக்காமல் காக்கிறது. ஆயினும், அது நச்சுப்பொருள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

மஞ்சளும் குங்குமமும் சிமெண்டின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். இதைத் தடுக்கத் தேய்ப்பு முடிந்ததும் துளைகளுக்குள் ஊறும் காப்புத் திரவத்தைப் பூசுவார்கள். கல்லின்மேல் பிளாஸ்டிக் தோல் போல் படியும் மெழுகுப் பூச்சுகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை முதல் மாதம் அழகாக இருக்கும். பிறகு நடைபாதைப் பகுதியில் மட்டும் உரிந்து, ஈரம் பட்டால் வழுக்கும்.

இனி வெளியே வருவோம். முற்றத்துத் தரைக்கு வெயில், மழை, பாசி என மூன்று சோதனைகள். நெகிரி செம்பிலானில் காலை முழுவதும் சுட்டெரிக்கும் வெயிலில் விரிந்த தரைமேல் பிற்பகலில் குளிர்ந்த மழை கொட்டும். ஒரே நாளில் விரிவும் சுருக்கமும். அதனால் வெளித்தரையில் பிரிப்புப் பட்டைகள் நெருக்கமாக வேண்டும். சுவரையும் தூணையும் ஒட்டிய இடத்தில் நெகிழும் பொருள் அடைத்த இடைவெளி வேண்டும். எபாக்சி என்னும் பிசினால் பிணைத்த தெராசோ இக்காலத்தில் கட்டடங்களுக்குள் பரவியிருக்கிறது. ஆனால், வெயிலில் அது மஞ்சளாகிவிடும். வெளியே சிமெண்டுத் தெராசோதான் பொருத்தம். மழைநீர் இயல்பாகவே சிறிது அமிலத் தன்மை உடையது என்பதால் பளிங்குச் சில்லைவிடக் கருங்கல் சில்லு நீடித்து உழைக்கும்.

வெளித்தரையைத் தேய்ப்பவர் 80 அல்லது 120 இல் நின்றுவிட வேண்டும். கல்லின் நிறம் தெரியும், முகம் தெரியாது. படிக்கட்டுகளுக்கும் சரிவுப் பாதைகளுக்கும் அதுவும் போதாது. அங்கே தேய்க்காமலேயே முடிப்பது நல்லது. கலவை பாதி இறுகிய நிலையில் மேலே உள்ள சிமெண்டுப் பசையை நீர் தெளித்துத் தூரிகையால் கழுவிவிட்டால் கூழாங்கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். மலேசியாவில் வீட்டு வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் காணப்படும் ‘பெபல் வாஷ்’ இதுதான். பழைய கடைவீடுகளின் முகப்புச் சுவர்களில் சாம்பல் நிறக் கருங்கல்லைப் போலத் தோன்றும் ‘சாங்காய் பிளாஸ்டர்’ என்பதும் இதன் நெருங்கிய உறவினர்தான். வெளியே போட்ட தெராசோவில் உலகப் புகழ்பெற்றது அமெரிக்காவின் ஹாலிவுட் நடைபாதை. திரைக் கலைஞர்களின் பெயர் தாங்கிய நட்சத்திரங்கள் இளஞ்சிவப்புத் தெராசோவால் ஆனவை. ஓரம் பித்தளைப் பட்டை. அங்கே மழை குறைவு. அந்தத் தரையைப் படத்தில் பார்த்துவிட்டு அதே மெருகை லாபுவிலோ ரந்தாவிலோ ஒரு திறந்த முற்றத்துக்குக் கேட்பது ஆபத்து.

பாசியைப் பற்றியும் ஒரு சொல். ரப்பர் மரங்களின் நிழல் விழும் படிகளில் கரடான தரையிலும் பாசி பிடிக்கும். பிடித்தால் கரடு இருந்தும் பயனில்லை. கிழமைக்கு ஒருமுறை கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவாத வெளித்தரை, எந்த எண்ணில் நிறுத்தியிருந்தாலும் வழுக்கவே செய்யும்.

தரைமேல் நடப்பவரைப் பற்றி இவ்வளவு பேசும்போது, தரையைத் தேய்ப்பவரை மறந்துவிடக் கூடாது. சிமெண்டுக் கலவையில் உள்ள மணலிலும் கருங்கல்லிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த நிலையில் தேய்த்தால் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலின் ஆழம்வரை செல்லும். அங்கே வடுக்களை உண்டாக்கி மூச்சைக் குறைக்கும் நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. மூச்சில் சேரும் படிகச் சிலிக்கா புற்றுநோயையும் உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997 இல் வகைப்படுத்தியது. சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கல் பலகைகளை அறுத்த இளம் தொழிலாளர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அப்பலகைகளுக்கே தடை விதித்தது.

தரையைத் தேய்ப்பவரைக் காக்கும் எளிய கருவி தண்ணீர். ஈரத்தில் தேய்த்தால் தூள் எழாமல் சேறாகிவிடும். ஆனால், தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் சேரும்போது வேறோர் ஆபத்து பிறக்கிறது. இயந்திரத்தின் கம்பி தரையில் கிடந்து நனையாமல் மேலே தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்ட நொடியே இணைப்பைத் துண்டிக்கும் கருவி பொருத்தியிருக்க வேண்டும். மூலைகளைக் கைக்கருவியால் தேய்க்கும்போது முகக்கவசமும் வேண்டும். வாயைச் சுற்றிக் கட்டிய துண்டு சிலிக்காவைத் தடுக்காது. தேங்கும் சேற்றைக் கால்வாயில் தள்ளிவிடுவது பழக்கத்தில் உண்டு. அதுவும் சிமெண்டுதான், காய்ந்து கல்லாகிக் கால்வாயை அடைத்துவிடும். வாளிகளில் வழித்தெடுத்து, படிந்தபின் மேல்நீரை வடித்து, கட்டியைத் தனியே அப்புறப்படுத்துவதே முறை.

நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் இன்று பழைய தோட்டங்களாக இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ச் சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் அதற்கப்பாலும் பெயர்ந்தார்கள். ஆயினும், லின்சம், லாபு, சுவா பெத்தோங், ரீஜண்ட் எனத் தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. திருவிழாவுக்குக் குடும்பங்கள் பழைய கோயிலுக்குத் திரும்பி வருகின்றன. அப்படித் திரும்பும் இடங்களில் பழைய தெராசோ தரை ஒன்று இருந்தால், மங்கி, வெடித்து, கறை படிந்து கிடக்கும். குழுக் கூட்டத்தில் ‘இதன்மேல் புதிய ஓடு ஒட்டிவிடலாம்’ என்ற யோசனையே முதலில் எழும்.

அந்த யோசனை எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. அடித்தளம் இறங்கி, தரை பல துண்டுகளாக உடைந்திருந்தால் தேய்ப்பதில் பொருளில்லை. ஆனால், தரை உறுதியாக இருந்து, மேற்பரப்பு மட்டும் பாழாகியிருந்தால் நிலைமை வேறு. மேற்படுகையின் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மறுதேய்ப்பிலும் போவது மிகச் சிறிதே. எனவே, ஒரே தரையைப் பலமுறை புதுப்பிக்கலாம். ஓட்டுக்கு அந்த வாய்ப்பில்லை. மேற்பூச்சுத் தேய்ந்தால் உடைத்தெடுக்க வேண்டியதுதான். மேலும், பழைய தரைமேல் ஓடு ஒட்டினால் தரை மட்டம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரும். கதவின் அடியை அறுக்க வேண்டும். கடைசிப் படியின் உயரம் மற்றப் படிகளிலிருந்து மாறிவிடும். பல ஆண்டுகளாக அந்தப் படியில் ஏறிப் பழகிய முதியவரின் கால் அந்த இரண்டு சென்டிமீட்டரை எதிர்பார்க்காது.

முடிவெடுப்பதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. மண்டபத்தின் மறைவான மூலையில் ஒரு சதுர மீட்டரைத் தேர்ந்தெடுத்து, அதை மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒன்றை 120 இலும் ஒன்றை 400 இலும் ஒன்றை 1500 இலும் நிறுத்தச் சொல்லலாம். பழைய கல்லின் நிறம் எவ்வளவு மீண்டு வருகிறது, வெடிப்புகளில் அடைத்த சிமெண்டு நிறம் பொருந்துகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு மூன்றின்மேலும் தண்ணீரைத் தெளித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். குழுவின் இளைஞர்கள் மட்டும் பார்த்தால் போதாது. சமையற்கட்டில் வேலை செய்யும் பெண்களையும், கோல் ஊன்றி நடப்பவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எந்தப் பகுதியை எந்த எண்ணில் நிறுத்தினார்கள், சிமெண்டில் என்ன நிறத்தூள் எவ்வளவு சேர்த்தார்கள், எந்தக் காப்புத் திரவம் பூசினார்கள், தேதி என்ன என்பதைக் கோயில் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கலாம். மீந்த சில்லில் ஒரு சாக்கைக் கட்டிப் பொருளறையில் போட்டுவைத்தால், பின்னாளில் தூணோரம் ஒரு துண்டு பெயர்ந்தாலும் அதே கல்லைக் கொண்டு அடைக்கலாம்.